இரண்டரை மாதமாக வேலை இல்லை, பீரோவில் வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கிறது. நான் எதை நம்புவது?

தண்டையார்பேட்டைக்காரி
ஜூன் 9, இரவு 11.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் இங்கே வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

என் கணவர் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். 14 வருஷம். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனாலும் யார்டில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மார்ச் 28 சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டிலேயே நிறுத்தி, இவரோடு சேர்த்து 22 பேரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட் கை மாறிவிட்டதாம், புது ஆள் தன் ஆட்களைக் கூட்டிவருவாராம். அன்றைக்கு வந்தவர் பையைக்கூட கீழே வைக்காமல் வாசல்படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்னமும் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார். பழக்கம். குளித்து, சட்டை போட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற டிரெய்லர் லாரிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். யார்டு அடையாள அட்டை, நீலப் பட்டையோடு, கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்கவும் மாட்டேன் என்கிறார், நான் எடுத்தாலும் முகம் மாறிவிடுகிறது. மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வந்தார். வயது 46 என்றதும் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்களாம்.

வாடகை 8,000. மகள் பி.காம். இரண்டாம் வருஷம் போகிறாள், பையன் பத்தாவது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் சங்கராவோ கவளையோ வாங்கிவருவார். இப்போது முட்டைக் குழம்பு. பிள்ளைகள் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அவர்கள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் என்று, தட்டில் வாக்குத்தத்த அட்டை வைத்து நீட்டுவார்கள் இல்லையா, அதில் எனக்கு வந்தது எரேமியா 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.' வீட்டுக்கு வந்து பீரோ கதவின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். தினமும் புடவை எடுக்கும்போது கண்ணில் படும். ஜனவரியில் அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது. ஏப்ரலில் அழுகை வந்தது. இப்போது பார்க்காமலே கையை விட்டுப் புடவையை உருவிக்கொள்கிறேன். இதை எழுதவே பயமாக இருக்கிறது.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வெளியூர் ஊழியக்காரர் ஒருவரை வீட்டு ஜெபத்துக்குக் கூட்டிவந்தார். அவர் ஜெபித்து முடித்து, 'இந்த வீட்டில் அறிக்கை செய்யாத ஒரு காரியம் தடையாக நிற்கிறது' என்றார். அப்புறம், 'விசுவாசத்தோடு 5,000 ரூபாய் விதை விதையுங்கள், மூன்று மாதத்துக்குள் கதவு திறக்கும்' என்றார். விதை என்றால் காணிக்கை. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறு சபைக்கு வரவில்லை. நேற்றும் வரவில்லை. 'நான் என்ன பாவம் பண்ணினேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் தெரியவில்லை' என்று ராத்திரி இருட்டில் சொன்னார். 20 வருஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

என்னிடம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் 6,200 ரூபாய் இருக்கிறது. பையனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம்.

கேட்கவேண்டியது இதுதான். தேவன்மேல் நம்பிக்கையாய் இருப்பது என்றால், வேலை கண்டிப்பாகக் கிடைக்கும் என்று அடித்துச் சொல்வதா? ஜெபத்தில் 'எனக்குத் தெரியவில்லை ஆண்டவரே' என்றுதான் வாயில் வருகிறது, அது சந்தேகமா? அம்மா போட்ட இரண்டு சவரன் செயினை அடகு வைத்து ஒரு தையல் மெஷின் வாங்கலாம் என்று இருக்கிறேன். அப்படிச் செய்தால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமா? அந்த 5,000 ரூபாயை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜெயம்_உண்டு
ஜூன் 10, காலை 6.15

சிஸ்டர், கலங்காதிருங்கள். பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத் ஊர் விதவையிடம் முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா என்றான். அவளிடம் இருந்தது ஒரு பிடி மாவுதான். முதலில் கொடுத்தாள், பானை மா செலவழிந்துபோகவில்லை. நீங்களும் கணக்குப் பார்க்காமல் விதையுங்கள். வாயில் நெகட்டிவ் வார்த்தை வேண்டாம். 'தெரியவில்லை' என்று சொல்லாதீர்கள், 'கிடைத்துவிட்டது' என்று அறிக்கை செய்யுங்கள். ஜெபிக்கிறேன்.


பெரம்பூர் டீச்சரம்மா
ஜூன் 10, பிற்பகல் 3.05

அன்பு மகளுக்கு,

எனக்கு 68 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். உன் கடிதத்தைக் காலையில் வாசித்தேன், மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அந்த 5,000. கொடுக்காதே. காணிக்கை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 9:7ஐ எடுத்துப் பார். 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்று இருக்கிறது. பயமுறுத்தி வாங்குவது அதற்குள் வராது. அதே நிருபத்தில் 8:12, 'அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே' என்கிறது. மேலே எழுதின தம்பி நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தம்பி, சாறிபாத் கதையை இன்னும் நாலு வசனம் சேர்த்து வாசியுங்கள். எலியா அந்த அடையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவில்லை. அந்த வீட்டிலேயே தங்கினான். அவளும் அவள் பிள்ளையும் சாப்பிட்ட அதே பானை மாவைத்தான் அவனும் அநேகநாள் சாப்பிட்டான். அந்தப் பிள்ளை செத்தபோது மடியிலிருந்து வாங்கி, மேல் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், தேவனோடு வழக்காடினவனும் அவன்தான். உங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒருவேளை முட்டைக் குழம்பாவது உங்களோடு சாப்பிட்டாரா மகளே?

பாவம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, 'இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ' என்று சீஷர்கள் கேட்டார்கள். இயேசு இரண்டும் இல்லை என்றார். யோவான் 9. இதை உன் வீட்டுக்காரர் காதில் விழும்படி சத்தமாக வாசி. ஒரு கான்ட்ராக்ட் கை மாறினதுக்கு அவர் மனச்சாட்சியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

இப்போது உன் அட்டை. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த வசனத்தை நாம் அட்டை அளவுக்கு வெட்டிவிட்டோம்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதினது. யாருக்கு? ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. வீடு வாசல், கோயில், தொழில் எல்லாம் போனவர்களுக்கு. உன் வசனத்துக்கு முந்தின வசனத்தைப் பார்: 'எழுபது வருஷம்' என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் உன் வீட்டுக்காரர் வயதில் இருந்தவர்கள் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போ, ஐந்தாம் வசனம்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். ஏழாம் வசனம்: நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள்.

அதற்கு முந்தின அதிகாரம் 28. அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவும் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் முதலில் சொல்கிறான். அவனுக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்லை. இரண்டு வருஷம் என்றவன் பொய்த்துப்போனான். எழுபது வருஷம் என்று கசப்பாகச் சொன்னவன்தான், நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்ற வரியையும் சொன்னான். மூன்று மாதம் என்று யாராவது தேதி போட்டுக்கொடுத்தால் எனக்கு அனனியா ஞாபகம்தான் வருகிறது.

அப்படியானால் அட்டையில் என்ன ஆறுதல் என்று கேட்பாய். அவர்கள் பாபிலோனில் இருந்தார்கள், அங்கேயும் ஆண்டவர் நினைவில் இருந்தார்கள். எனக்கு அதுதான் போதுமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

2011இல் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலுக்கு மேலே சுவரில் நான் ஒட்டினது சங்கீதம் 118:17, 'நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.' வந்து பார்த்த எல்லாரும் ஆமென் என்றார்கள். 41ஆம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். நர்ஸ் பெண் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தபோது அந்த அட்டையையும் சுவரிலிருந்து உரித்து, பின்னாலிருந்த பசையில் பஞ்சு ஒட்டியிருக்க, என் கையில் கொடுத்தாள். நான் பொய் சொன்னவளைப் போல வெட்கப்பட்டேன். யாரிடமும் சொன்னதில்லை இதை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னால் பாட முடியவில்லை. சபைக்குப் போவேன், பெஞ்சில் உட்காருவேன், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பாட்டி, சுருதி சேராமல், என் காதுக்குள்ளேயே பாடுவார். அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் வாசித்தது சங்கீதம் 88 ஒன்றைத்தான். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கையிலோ துதியிலோ வந்து நிற்கும். இது இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒன்று வேதத்துக்குள் இருக்கிறது என்பதே எனக்குக் கைப்பிடியாக இருந்தது. நீ 'எனக்குத் தெரியவில்லை' என்று ஜெபித்தால் அது சந்தேகம் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. தாவீது 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றே கேட்டான், அதைப் பாட்டாகவே பாடச்சொல்லி இராகத்தலைவனிடம் கொடுத்தார்கள். கிடைக்காததைக் கிடைத்துவிட்டது என்று சொல்ல ஆண்டவர் உன்னிடம் கேட்கவில்லை. அவரிடம் போய் உண்மையைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய்?

செயின், தையல் மெஷின். இதற்கும் எரேமியாதான். 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை நகரத்தைச் சுற்றி நிற்கிறது. இவன் காவற்சாலை முற்றத்தில் கைதி. அந்த நேரம் பார்த்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கு என்று கர்த்தர் சொல்கிறார். வாங்குகிறான். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான், பத்திரம் எழுதுகிறான், சாட்சி வைக்கிறான், தன் எழுத்தன் பாருக்கைக் கூப்பிட்டு மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கச்சொல்கிறான். எல்லாம் முடித்துவிட்டு ஜெபத்தில், நகரமே பாபிலோனின் கல்தேயர் கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கச் சொன்னீரே ஆண்டவரே என்று கேட்கிறான்! வாங்கினவனுக்கே புரியவில்லை. ஆனால் தராசைப் பிடித்த கை நடுங்காமல் நிறுத்திருக்கிறது. மெஷின் வாங்கு மகளே. அடகுக் கடையில் வட்டி மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள், இரண்டு மூன்று இடம் விசாரி. வட்டிக்காரரிடம் மட்டும் கைநீட்டாதே.

நீ பெரம்பூர்ப் பக்கம் வந்தால் சொல். என்னிடம் துணி ஓரம் அடிக்கிற பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது.


விசைப்படகு 39
ஜூன் 11, அதிகாலை 4.20

அக்கா, நான் காசிமேடு. தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். அதனால் ராத்திரியில் தூக்கம் வராது, போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டீச்சரம்மா மாதிரி எனக்கு எழுதத் தெரியாது. கடல் வழியாகத்தான் வேதம் கொஞ்சம் புரிந்தது.

எங்களுக்கு வருஷா வருஷம் 61 நாள் வருமானம் இல்லை. ஆனால் அது முடிகிற தேதி தெரியும். அண்ணனுக்குத் தேதி தெரியவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். தேதி தெரியாமல் இருந்தது எங்களுக்கு ஒரு தடவைதான், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. எனக்கு 18 வயது. வீடு போய், கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகையில் இருந்தோம். மழை வந்தால் உள்ளே தண்ணீர். அங்கே என் அம்மா ஒரு காலி பெயிண்ட் வாளியில் மண் போட்டுப் பச்சைமிளகாய் விதைத்தார். நான் கத்தினேன். 'நாம என்ன இங்கேயே இருக்கப்போறோமா, செடி வைக்கிற?' அம்மா பதில் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் காய்த்தது. அந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுத்தான் கருவாட்டுக் குழம்பு வைத்தார். வீடு கிடைக்க அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஆனது. டீச்சரம்மா எழுதின 'தோட்டங்களை நாட்டி' என்ற வசனத்தை வாசித்ததும் அந்த வாளிதான் கண் முன்னால் நின்றது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அந்த அதிகாரம் தெரிந்து வைத்திருப்பாரா தெரியாது.

நான் சொல்லவந்தது வேறு. நங்கூரம். எபிரெயர் 6:19இல் நம்பிக்கையை 'ஆத்தும நங்கூரம்' என்று போட்டிருக்கிறது. சபையில் இதைப் பிரசங்கம் பண்ணும்போது நங்கூரம் என்றால் ஏதோ பலமான இரும்பு என்று விட்டுவிடுகிறார்கள். நங்கூரம் போட்டவனுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஒரு டிசம்பர். ஃபைபர் படகில் நாலு பேர், பெரியப்பாதான் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிறவர். திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. வாடைக்காற்று தூக்குகிறது, போன் சிக்னல் இல்லை, தூரத்தில் துறைமுகத்து வெளிச்சம் மட்டும் மங்கலாக. பெரியப்பா ஈயக்குண்டைக் கட்டி ஆழம் பார்த்தார், 15 பாகம். ஒரு பாகம் என்றால் ஆறடி. நங்கூரத்தை இறக்கினோம். நான் பயத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டினேன், முப்பது பாகம்தான் விட்டிருப்பேன். படகு ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கி அடித்தது, நங்கூரம் பிடிக்காமல் சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பெரியப்பா கத்தினார், 'இறுக்காதடா, கயிறு விடு!' இன்னும் முப்பது பாகம் விட்டோம். கயிறு நீளமாகச் சாய்ந்து போனதும் கீழே கொக்கி சேற்றில் படுத்துப் பிடித்துக்கொண்டது. படகு முகத்தைக் காற்றுக்குத் திருப்பி நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தோம். கயிற்றில் கையை வைத்தால் கீழே பிடித்திருக்கிற இழுப்பு உள்ளங்கையில் தெரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கருப்புத் தண்ணீர்தான். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்போஸ்தலர் 27ஐ வாசியுங்கள் அக்கா. பவுல் போன கப்பலும் அப்படித்தான். அவர்களும் ஆழம் பார்க்கிறார்கள், முதலில் இருபது பாகம், அப்புறம் பதினைந்து பாகம். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு, 'பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதினவர் அந்தக் கப்பலில் இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அப்படி வராது. இதில் கவனியுங்கள். ஒரு உயிரும் போகாது என்று தேவதூதன் பவுலிடம் முன்னமே சொல்லியாயிற்று. அப்படியும் ஈயம் போட்டு ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் இறக்கினார்கள், கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள். அவிசுவாசம் என்று பவுல் யாரையும் திட்டவில்லை. உங்கள் செயினும் மெஷினும் எனக்கு அந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

இன்னொன்று. கப்பல் உடைந்துபோகும் என்றும் பவுலிடம் சொல்லப்பட்டது. உடைந்துதான் போனது. 276 பேரும் நீந்தியும் பலகையைப் பிடித்தும் கரைசேர்ந்தார்கள். அந்த யார்டு வேலை திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது அக்கா. வராமலும் போகலாம்.

கடைசியாக ஒன்று. விடியும் முன்னால் பவுல் என்ன செய்தார் தெரியுமா? பதினாலு நாளாகச் சாப்பிடாமல் இருந்தவர்களைச் சாப்பிடச் சொன்னார். அவரே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, எல்லார் முன்னாலும் பிட்டுச் சாப்பிட்டார். அண்ணன் சரியாகச் சாப்பிடுகிறாரா? ஜன்னல் பக்கம் தனியாக உட்காரவைக்காதீர்கள். 15ஆம் தேதி முதல் படகுகள் போகும். திரும்பி வரும்போது அவரை விடியற்காலை நாலு மணிக்கு ஏலம் நடக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். வேலை இருக்கிறது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. என்னோடு நிற்கட்டும், டீ குடிக்கட்டும், ஐந்து மணிக்கு எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பதற்கு அது நல்லது. மீன் நான் தருகிறேன், அதற்குக் காசு பேசாதீர்கள்.


பழைய வண்ணை
ஜூன் 11, மாலை 7.50

சிஸ்டர், நான் கணக்கு எழுதுகிற வேலை செய்பவன். ஜெபத்தோடு இதையும் பாருங்கள். 14 வருஷம் என்கிறீர்கள். ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உரிமை உண்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. கான்ட்ராக்ட் ஆள் என்பதற்காக அது இல்லாமல் போகாது, கான்ட்ராக்டர்தான் தரவேண்டும். எழுத்தில் கேட்டு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து 14 வருஷமும் பணம் கட்டியிருக்கிறார்களா என்று மாதம் மாதமாகப் பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, அந்த அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆணியில் தொங்குகிற அட்டைதான் இப்போது உங்கள் சாட்சி. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்ற 21 பேரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகவேண்டாம்.


தண்டையார்பேட்டைக்காரி
ஜூன் 27, இரவு 10.15

எல்லாருக்கும் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

வேலை கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

5,000 கொடுக்கவில்லை. பையனுக்கு நோட்டும் ஷூவும் வாங்கினேன். டீச்சரம்மா, உங்கள் பதிலை அவரிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். அந்த நர்ஸ் பெண் அட்டையை உரித்துக் கொடுத்த இடம் வந்ததும் எனக்குக் குரல் அடைத்துவிட்டது, மீதியை அவரே போனை வாங்கி வாசித்தார். யோவான் 9ஐ இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வெளியே போய் ரொம்ப நேரம் கழித்து, கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.

போன ஞாயிறு சபைக்கு வந்தார். கடைசி பெஞ்ச். பாடவில்லை. நான் பாடினேன், அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னாலேயே எழுந்து வெளியே போய்விட்டார், யாராவது வேலை பற்றி விசாரிப்பார்கள் என்று. சரி, வந்தாரே.

காசிமேட்டுத் தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியே அனுப்பினேன். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் நான் எழுப்பாமலே மூன்றரைக்குக் கிளம்பினார். ஐஸ் பெட்டி தூக்கிக் கை காய்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கவளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, 'குழம்பு வை, புளி கொஞ்சம் தூக்கலா' என்றார். மார்ச்சுக்குப் பிறகு இது வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் நின்று அழுதுகொண்டே புளி கரைத்தேன்.

மெஷின் வாங்கிவிட்டேன், பழசுதான். இதுவரை நாலு பிளவுஸ், ஒன்பது புடவைக்கு ஃபால்ஸ். ஜன்னல் பக்கம் அவர் உட்காருகிற இடத்தில்தான் வெளிச்சம் இருக்கிறது, அங்கே போட்டிருக்கிறேன். ஓவர்லாக் மெஷினைப் பார்க்க டீச்சரம்மா வீட்டுக்கு வியாழக்கிழமை வரலாமா?

பி.எஃப்.இல் ஒன்றரை வருஷம் பணம் கட்டவே இல்லை. ஆதாரிலும் அங்கேயும் அவர் பெயரில் ஒரு எழுத்து வேறாக இருக்கிறது. அதைத் திருத்தவேண்டுமாம். 22 பேரில் 13 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு தயாராக இருக்கிறது. கணக்கு எழுதுகிற அண்ணன் சொன்னதைக் கேட்டு இவர் அடையாள அட்டையை ஆணியிலிருந்து எடுத்து நகல் போடக் கொடுத்தார். திரும்பி வந்து ஆணியில் மாட்டவில்லை, ஃபைலுக்குள் வைத்தார்.

பீரோவில் இருக்கிற அட்டையை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் ஐந்தாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சில நாள் பார்க்கிறேன், சில நாள் இன்னும் கையை விட்டு உருவிக்கொண்டு போய்விடுகிறேன். ஜெபத்தில் இன்னமும் 'தெரியவில்லை ஆண்டவரே' என்றுதான் வருகிறது. இப்போது அதைச் சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடாமல் கொஞ்சநேரம் அங்கேயே உட்காருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்கு 13 பேரும் போகிறார்கள். அதிகாரிகள் முன்னால் பேசச்சொன்னால் இவருக்கு வாய் வராது. அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.